தம்பி நின்ற துறைமுகம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு மாசி மாதம், நானும் என் கணவரும் கரீபியன் கடலுக்கு உல்லாசக் கப்பலில் போனோம். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். அப்போது நாங்கள் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான் போத்தல் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். அவர் உணவகச் சமையலறை ஒன்றில் நின்றுவிட்டு, பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார். எங்கள் சனத்தில் யாரும் அந்தக் காலத்தில் கப்பலில் சுற்றுலா போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாங்களும் சுற்றுலா போகவில்லை. என் தம்பியைப் பார்க்கப் போனோம்.

தம்பி கொழும்பிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கு வெளிக்கிட்டவன். அவனையும் இன்னும் மூன்று பெடியன்களையும் நாடு நாடாக இழுத்துத் திரிந்த ஏஜென்சிக்காரன், கடைசியில் கரீபியன் தீவொன்றில் கொண்டுபோய் விட்டான். "அடுத்த கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லி அவர்களின் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. அந்தத் தீவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே அவர்களுக்கு இரக்கப்பட்டு இடம் கொடுத்தவர்கள் இன்னமும் இருக்கக்கூடும்.

தம்பி எப்போதாவது தொலைபேசி எடுப்பான். ஆரம்பத்தில் பகிடி விட்டான். "அக்கா, இஞ்சை எல்லாரும் என்னை இந்த ஊர்க்காரன் எண்டுதான் நினைக்கினம்" என்பான். பிறகு பகிடி நின்றுவிட்டது. தை மாதம் ஒரு நாள் அவன் குரலே மாறியிருந்தது.

"அக்கா, பொலிஸ் வந்தது. இனி இருக்க விடமாட்டினமாம். கொழும்புக்கு ஏத்தப் போகினமாம். ஏத்தினால் எயார்போர்ட்டிலேயே என்னைப் பிடிப்பாங்கள். உங்களுக்குத் தெரியுந்தானே."

எனக்குத் தெரியும். எங்கள் சின்னம்மாவின் மகனை அப்படிப் பிடித்தார்கள். அவன் வெளியில் வரும்போது நடக்கமாட்டாமல் வந்தான்.

விமானத்தில் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் பிக்கரிங்கில் இருந்த எங்களுக்குத் தெரிந்த ஒருவர், அதே பெடியன்களில் ஒருவனின் மச்சான், அப்படிப் போய் விமான நிலையத்திலேயே மறிக்கப்பட்டு அடுத்த விமானத்தில் திரும்பி வந்திருந்தார். அவரையே ஆள் கடத்துபவர் என்று சந்தேகப்பட்டார்களாம். பயண முகவர் நிலையத்தில் இருந்த பெண்தான் சொன்னாள்: "கப்பலிலை போற ஆக்களை அங்கை ஒண்டும் கேக்கமாட்டினம் அக்கா. காலமை இறங்கிப் பின்னேரம் ஏறலாம்."

எங்களிடம் அப்போது கனடியப் பாஸ்போர்ட் இருந்தது. பிள்ளைகள் இரண்டையும் கீழ்மாடியில் இருந்த அன்ரியிடம் விட்டோம். அவவிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. கதை வெளியில் போனால் தம்பிக்கு ஆபத்து என்று பயந்தோம். அன்ரி பிள்ளைகளின் பைகளை வாங்கி வைத்துவிட்டு, "தம்பி எங்கையோ ரோட்டிலை நிக்கிறான் எண்டு அழுதுகொண்டு திரிஞ்சீர், இப்ப கப்பலிலை உல்லாசம் போறீரோ பிள்ளை?" என்று கேட்டா. நான் லிப்ட் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மயாமியில் கப்பல் ஏறினோம். அதன் உள்ளே ஒரு சின்ன ஊரே இருந்தது. எங்கு பார்த்தாலும் சாப்பாடு. நான் எதைப் பார்த்தாலும் தம்பி சாப்பிட்டிருப்பானோ என்று நினைத்துத் தட்டைத் தள்ளி வைப்பேன். இவர் மட்டும் சாப்பிடுவார். "நீர் பட்டினி கிடந்தால் அவனுக்குப் பசி தீருமே?" என்பார். ஆனால் அவரும் கட்டிலில் புரண்டுகொண்டுதான் கிடந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை ஒரு மேசையில் போட்டிருந்தார்கள். அதில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்சிலிருந்து வந்த வயதான தம்பதி ஒன்று, புதிதாகக் கலியாணம் செய்த இளம் சோடி ஒன்று. அஜக்ஸ் அம்மா ஓய்வு பெற்ற தாதி. நல்ல மனுசி. நான் சாப்பிடாததைப் பார்த்துக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டு மாத்திரை கொண்டுவந்து தந்தவர்.

தீவில் இறங்குவதற்கு முதல் நாள் மேசையில் அதைப் பற்றியே கதை.

"நாங்கள் இறங்கப் போவதில்லை" என்றார் அஜக்ஸ் அம்மாவின் கணவர். "போன முறை இறங்கினோம். கேற்றைத் தாண்டினால் போதும், சனம் வந்து மொய்க்கும். அதை வாங்கு, இதை வாங்கு என்று. எல்லாரும் இறங்கிப் போனால் நீச்சல் குளம் எனக்குத்தான்."

இளம் பெண், கடற்கரை நல்ல வெள்ளை மணலாம் என்றாள். அவளுடைய கணவன், நாங்கள் போய்ச் செலவழித்தால்தானே அவர்களும் பிழைப்பார்கள் என்றான். அஜக்ஸ் அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, "எனக்கு மொய்க்கிறது பிரச்சினையில்லை" என்றார். "போன முறை ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் வரைக்கும் வந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டு மேலே வந்தேன். வந்து பார்த்தால் மேசை நிறைய இறால். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. போனாலும் சரியில்லை, போகாமல் இங்கேயிருந்து பார்த்தாலும் சரியில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இறங்குவீர்களா?"

"ஓம்" என்றேன் தமிழில். நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது. தலையை ஆட்டியதைப் பார்த்திருப்பார்.

காலையில் முதலாவது வரிசையில் நின்று இறங்கினோம். என் கைப்பை நிறைய, காலைச் சாப்பாட்டில் ஒளித்து எடுத்த பாணும் அவித்த முட்டையும். கடைத் தொகுதி ஒன்று, அதைச் சுற்றி வேலி, வேலியில் ஒரு கேற். தம்பியை அந்தக் கேற்றடியில் நிற்கச் சொல்லியிருந்தோம். கேற்றுக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் கூவிக்கொண்டு நின்றார்கள். ரக்சிக்காரர்கள், தொப்பி விற்பவர்கள், தலை பின்னி விடும் பெண்கள். எல்லாக் கைகளும் எங்களை நோக்கி நீண்டன. நான் அந்த முகங்களுக்கு மேலால் தம்பியைத் தேடினேன். தொப்பி போட்ட ஒல்லியான ஒருவன் கிட்ட வந்து கையைப் பிடித்தான். நான் கையை உதறினேன்.

"அக்கா, நான்தான்."

அவன் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "இஞ்சை வேண்டாம், பொலிஸ் பாக்கும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் போனோம். அவனுடைய சேட்டுக்குள்ளால் முதுகெலும்பு தெரிந்தது.

சந்தைக்குப் பின்னால், மரக்கறிச் சாக்குகள் அடுக்கியிருந்த ஒரு கொட்டிலின் பின் அறைதான் அவர்கள் இருந்த இடம். யன்னல் இல்லை. மூன்று பெடியன்களும் எழும்பி நின்றார்கள். ஒருவன் மட்டும் நிற்க முடியாமல் திரும்பவும் இருந்துவிட்டான். காய்ச்சலாம். நான் முட்டையைக் கோது உரித்துக் கொடுத்தேன். எல்லாரும் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். தம்பி தன் பங்கில் பாதியைக் காய்ச்சல்காரனுக்கு வைத்தான்.

"எப்ப ஏத்தப் போகினமாம்?" என்று இவர் கேட்டார்.

"இந்த மாதத்துக்குள்ளை எண்டு சொல்லினம் அத்தான். நாளைக்கும் வரலாம்."

வெளியில் சந்தைக்காரிகள் சிரித்துக் கதைக்கும் சத்தம் கேட்டது. இவர் தன் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"இவன் என்ரை சேட்டைப் போடட்டும். கப்பலிலை ஏறேக்கை காட்டுற என்ரை அட்டையிலை படம் இல்லை. பாஸ்போர்ட்டிலை இருக்கிற படம் மீசையில்லாத படம். இவனும் மீசையை வழிச்சால் சரி. எங்கடை ஆக்களின்ரை முகம் அவங்களுக்கு எல்லாம் ஒண்டுதான். இவன் உம்மோடை போகட்டும். நான் இஞ்சை நிண்டு, பாஸ்போர்ட் துலைஞ்சு போச்செண்டு கனடாத் தூதரகக் கந்தோருக்குப் போறன். என்னைக் கொழும்புக்கு ஏத்தமாட்டாங்கள்."

அவர் அதை அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லவில்லை. கட்டிலில் புரண்ட இரவுகளில் யோசித்து வைத்திருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்று சொல்லவும் வரவில்லை. ஒருவர் என் பிள்ளைகளின் தகப்பன், மற்றவன் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். தம்பியின் கண்ணில் அவ்வளவு நேரமும் இல்லாத ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்தபிறகு எப்படி வாய் திறப்பது?

பெடியன்களில் ஒருவன் சவரக்கத்தி எடுத்துக் கொடுத்தான். தம்பி மீசையை வழித்தான். அத்தானின் சேட்டு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. மற்ற மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். "நீயாவது போ மச்சான்" என்றான் காய்ச்சல்காரன். இவர் தம்பியின் கிழிந்த சேட்டைப் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றார். என்னிடம், "அழாதையும். ஆக்கள் பாப்பினம். பிள்ளையளுக்கு அப்பாவுக்கு வேலை எண்டு சொல்லும்" என்று மட்டும் சொன்னார்.

நானும் தம்பியும் துறைமுகத்தை நோக்கி நடந்தோம். கப்பல் வீடுகளுக்கு மேலால் வெள்ளையாகத் தெரிந்தது. தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தான். கனடாவில் இப்போது பனியா, வீட்டில் எத்தனை அறை, வேலை எடுக்கலாமா. பிறகு, "மகள் இப்பவும் அத்தானுக்கு மேலை ஏறிப் படுத்தால்தான் நித்திரை கொள்ளுறவளோ?" என்று கேட்டான். நான் எப்போதோ கடிதத்தில் எழுதியது.

"ஓம்" என்றேன்.

கேற் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். நான் இரண்டடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு ஏலாது அக்கா."

"வா, நேரம் போகுது."

"அத்தானைப் பிடிச்சு உள்ளை போட்டால்? நான் உங்கடை வீட்டிலை எப்பிடிச் சோறு தின்னுறது? அந்தப் பிள்ளை அப்பா எங்கை எண்டு கேக்கேக்கை நான் எந்த மூஞ்சையோடை இருக்கிறது?"

"எல்லாம் பிறகு பாப்பம். நீ வா."

"மாட்டன்."

நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். நடு றோட்டில், சனம் பார்க்க, இழுத்தேன். அவன் அசையவில்லை. அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ தெரியாது. பிறகு திரும்பிச் சந்தைப் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் இவர் தன் சேட்டைப் போட்டுக்கொண்டு தனியாக வந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை. "கும்பிட்டுக் கேட்டன், கேக்கிறானில்லை" என்றார். தம்பி எங்களை வழியனுப்பக்கூட வரவில்லை. வந்தால் மனம் மாறிவிடும் என்று சொன்னானாம்.

கப்பலில் ஏறும் படியடியில் அஜக்ஸ் அம்மாவைக் கண்டோம். கடைசியில் தனியாக இறங்கி வந்திருக்கிறார். கையில் தொப்பிகளும் மணிமாலைகளும், தனக்குத் தேவையில்லாதவை. என் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு என்னைப் பிடித்து ஒரு மர வாங்கில் இருத்தினார். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் எல்லாவற்றையும் சொன்னேன். சேட்டு மாற்றியதையும் சொல்லிவிட்டேன். இவர் என் தோளை அமத்தினார், நான் நிறுத்தவில்லை. அஜக்ஸ் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லப் போவதில்லை என்றார். எந்தத் தெரு, எத்தனை பெடியன்கள் என்று கேட்டார்.

அன்றிரவு மேசையில் வெள்ளை மணலைப் பற்றி இளம் சோடி கதைத்தது. தன் வாழ்க்கையிலேயே அழகான நாள் என்றாள் அந்தப் பெண். அவளில் ஒரு பிழையுமில்லை. அஜக்ஸ் அம்மா எழும்பிப் போய்விட்டார்.

ரொறன்ரோ வந்தபின் அஜக்ஸ் அம்மா தன் தேவாலயத்தில் பேசி, அந்த நாலு பேரையும் கனடாவுக்குக் கூப்பிட்டுப் பொறுப்பெடுக்க ஆட்களைச் சேர்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அன்ரிக்கும் அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. "என்னட்டைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. ஆனால் அலுவல் நகர்வதற்குள் பொலிஸ் அந்த அறைக்குப் போய்விட்டது. காய்ச்சல்காரனையும் இன்னொருவனையும் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். தம்பியும் மற்றவனும் பின்பக்கத்தால் ஓடியதாகச் சந்தைக்காரி ஒருத்தி அஜக்ஸ் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

வசந்தம் போய்க் கோடையும் போனது. தொலைபேசி அடித்தால் பிள்ளைகளை எடுக்க விடமாட்டேன். அடிக்காவிட்டால் அது வேலை செய்கிறதா என்று தூக்கிப் பார்ப்பேன். இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்னம் என் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு நாள், "நான் அவனைக் கட்டி இழுத்தாவது அனுப்பியிருக்கவேணும்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டோம்.

இலைகள் கொட்டி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சோறு வடித்துக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அடித்தது.

"அக்கா."

"எங்கை நிக்கிறாய்?"

"ஜேர்மனியிலை. சாமான் கப்பலொண்டிலை ஒளிச்சு வந்தனான். ஒரு அகதி முகாம். என்னைப் பதிஞ்சிருக்கினம்."

"சுகமா இருக்கிறியோ? சாப்பிட்டியோ?"

"சரியாக் குளிருது அக்கா" என்றான். "ஆனால் இஞ்சை ஒருத்தரும் அடிக்கேல்லை."

ரிசீவரை இவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டார்.