முழங்காலில் நின்ற மே தினம்

போன கிழமை லிங்கநகர்ச் சந்திக் கடையில் பச்சை மிளகாய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

“ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?”

திரும்பினால் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஐயா. இந்தப் பத்தியை ஒரு கிழமையும் தவறவிடாதவர். பிழை கண்டால் தபாலட்டையில் எழுதி அனுப்புகிறவர். எனக்கு வரும் கடிதங்களில் அரைவாசி அவருடையதுதான்!

“ஒரு கிழமை கோயில் எண்டு எழுதுறியள். மற்றக் கிழமை வேலைநிறுத்தம் எண்டு எழுதுறியள். உண்மையைச் சொல்லுங்கோ... நீங்கள் எந்தப் பக்கம்?”

கடைக்காரரும் தராசைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்தார்.

“யோசிச்சுச் சொல்லுறன் ஐயா” என்று நழுவிவிட்டேன். ஆனால் சொன்ன சொல்லுக்கு யோசிக்கத்தானே வேண்டும்? யோசித்தேன். யோசனை போய் நின்ற இடம், எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு ரியூசன் கொட்டில்.

அப்போது நான் ஏ.எல். என்ற உயர்தர வகுப்பு மாணவி. பேக்கரியில் பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம். கல்லூரியில் அளவையியல் படிப்பித்தார்கள். ‘எல்லா மனிதரும் இறப்பர், இவர் மனிதர், ஆகவே இவர் இறப்பார்.’ இதைக் கண்டுபிடிக்க ஒரு பாடமா என்று நாங்கள் சிரிப்போம். பரீட்சையில் அளவையியல் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

பொருளியலுக்கு மட்டும் ரியூசன். படிப்பித்தவர் குணரத்தினம் சேர். கிழமை நாட்களில் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். சனிக்கிழமை எங்களுக்கு ஆசிரியர். முதல் இரண்டு மணித்தியாலம் கேள்வி, நிரம்பல், விலை என்று பாடம். மணி நாலானதும் சேர் புத்தகத்தை மூடுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரும்பப் போடும்போது அவர் ‘தோழர்’ ஆகியிருப்பார்!

நாலு மணிக்குப் பிறகு படிப்பு வட்டம். உலகத்தில் ஏன் ஏழைகள் இருக்கிறார்கள், கடவுளை யார் உண்டாக்கினார்கள் - இப்படிப் போகும். எனக்கு அந்தக் கதை எல்லாம் நல்ல விருப்பம். ஆனால் பயமும் இருந்தது. சேர் திடீரென்று விரலை நீட்டிக் கேள்வி கேட்பார். கடவுள் இல்லை என்று விளக்குகிற வகுப்பில், என்னிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று நான் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அவர் கேட்டருளினார்.

இனி எனது மறுபக்கம். நான் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவள். எங்கள் வீட்டில் ஆர்மோனியம் வாங்குகிற வசதி இல்லை. கோயிலில் ஒரு பழைய பெட்டி இருந்தது. இரண்டு கட்டைகள் ஊமை. ஆனாலும் அதைத் தொட்டால் எனக்குப் பாணும் தேவையில்லை, பரீட்சையும் தேவையில்லை. பெட்டி இருந்த அறைச் சாவியைப் பங்குச் சுவாமி என்னிடம் தந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவேன். அந்தச் சாவியை ஒரு கறுப்பு நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மணி நாலு கடந்து ஐந்து நிமிடம்.

“தோழர், மே தின ஊர்வலத்துக்கு எங்களிட்டப் பாட்டு இல்லை. நீர் சங்கீதம் தெரிஞ்சவர். ஒரு மெட்டுப் போட்டுத் தாரும். புது மெட்டு. பழசு ஒண்டும் வேண்டாம்” என்றார் சேர். சொற்களை அவரே எழுதி வைத்திருந்தார். சுமை தூக்கும் தோள்கள் நிமிர வேண்டும் என்று தொடங்கும்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. அன்று பின்னேரமே பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். விரல்கள் தாமாக ஓடின. என்ன அருமையான மெட்டு! மூன்று அடி ஏறி, கடைசியில் அப்படியே மண்ணில் வந்து விழுகிறது. எனக்கே கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வயதில் இப்படி ஒரு மெட்டா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பாடுகிற பொறுப்பை ஜௌபரிடம் கொடுத்தோம். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வகுப்புக்கு வருகிறவன். குரல் என்றால் அப்படி ஒரு குரல். ரபான் என்ற கைப்பறையும் நன்றாக அடிப்பான். இரண்டு தரம் கேட்டுவிட்டுத் தலையாட்டினான்.

“நல்ல மெட்டு புள்ள. நான் எங்கயும் கேட்டதே இல்ல.”

“நானும் கேட்கேல்லை. இதுதான் மக்கள் இசை!” என்றார் சேர்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சின்ன வயதிலேயே எல்லாக் கோயிலையும் விட்டவர். மற்றவன் எங்கள் கோயில் வாசலே மிதிக்காதவன். ஒத்திகை நடந்த கொட்டிலில் கத்தோலிக்கர் என்று இருந்தது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியின் காதும் சந்தோஷத்தில் அடைத்துக் கிடந்தது.

மே முதலாம் தேதி. பெண் பிள்ளைகள் ஊர்வலத்தில் நடக்க வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே கோயில் வாசலில் நின்று பார்ப்பது என்று திட்டம். அதற்குச் சாட்டும் தோதாக இருந்தது. மே மாதம் மாதா வணக்க மாதம் அல்லவா? முதல் நாள் மாதா சுரூபத்துக்குப் பூ அலங்காரம் செய்ய அம்மாவோடு முப்பது நாற்பது பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். அம்மா திரேசம்மாதான் அவர்களுக்குத் தலைமை. எந்தப் பாட்டானாலும் முதல் அடியை அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

ஊர்வலம் கடற்கரை றோட்டால் திரும்பியது. முன்னுக்குச் செங்கொடியோடு அந்தோனி அண்ணை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், எங்கள் பங்கைச் சேர்ந்தவர். பக்கத்தில் ஜௌபர். ரபான் முழங்க அவன் குரல் எடுத்தான். பின்னால் நூறு பேர் சேர்ந்து பாடினார்கள்.

என் பாட்டு!

அப்போதுதான் பார்த்தேன். அம்மா பூக்கூடையை மெதுவாகக் கீழே வைத்தா. சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டா. சிலுவை அடையாளம் இட்டா. பக்கத்தில் நின்றவரும் முக்காடு போட்டார். அதற்கு அடுத்தவரும்...

இது என்ன மெட்டு என்று அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

பசாம்!

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பாடும் ஒப்பாரிக்குப் பெயர் பசாம். இறந்த மகனை மடியில் கிடத்தி மாதா அழுகிற பாட்டு. நாற்பது நாளும் நான்தான் அதற்கு ஆர்மோனியம் வாசித்திருந்தேன். ஈஸ்டர் முடிந்தது எனக்குத் தெரியும், என் விரல்களுக்குத் தெரியவில்லை. அதைக் கொஞ்சம் வேகமாக்கிப் புரட்சி என்று கொடுத்துவிட்டேன்!

பசாமில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் அடி முடிந்ததும் எல்லோரும் முழங்காலில் நிற்க வேண்டும்.

மூன்றாம் அடி முடிந்தது.

நாற்பது பெண்களும் றோட்டோரத்தில் முழங்காலில் நின்றார்கள். அவர்களைக் கண்டதும் அந்தோனி அண்ணையும் நடு றோட்டில், கொடியோடு, முழங்காலில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த எங்கள் பங்கு ஆட்களும் நின்றார்கள். மற்றவர்கள் அவர்கள் மேல் மோதிக்கொண்டார்கள். அம்மா பழக்க தோஷத்தில் பசாமின் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தா. பெண்கள் பாடினார்கள். ஒன்றும் விளங்காத ஜௌபர் அதற்கும் ரபான் அடித்தான்.

வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கொடியும் முக்காடும் ஒன்றாக நின்று பாடிய அந்த ஒரு நிமிடம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைப்போல ஒரு பாட்டை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

குணரத்தினம் சேர் பின்னாலிருந்து ஓடி வந்தார். முகமெல்லாம் பல்லு.

“பாத்தீங்களே! சனம் எழும்பீட்டுது!”

“எழும்பேல்லைச் சேர். முழங்காலில நிக்குது” என்றான் ஜௌபர்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “ஏன் சிலுவை போடுகினம்?”

அதற்குள் பங்குச் சுவாமி கோயில் படியில் வந்து நின்றுவிட்டார். அவர் சேரைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார். ஊரில் இந்த மெட்டுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர்கள் எத்தனை பேர்?

கையை நீட்டினார். “பிள்ளை, சாவி.”

கழுத்து நூலைக் கழற்றிக் கொடுத்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், ஆனால் அழுதுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை சேரும் தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னார். “ஊர்வலத்துக்குள்ள கோயிலைக் கொண்டுவந்திட்டீர். நீர் நாலு மணியோட வீட்டை போகலாம்.” கோயிலில் அரசியல்காரி, அரசியலில் கோயில்காரி. இரண்டு பக்கமும் கதவு சாத்தியாயிற்று. ஜௌபர் மட்டும் வாசல் வரை வந்தான்.

“எனக்கு ஒரு ஏச்சும் இல்ல புள்ள. மெட்டு நல்லமாம், வாப்பா சொன்னாரு” என்றான்.

இனி வீட்டுக் கதை. ஊர்வலம் நடந்த அன்றே அம்மா தந்த ஏச்சை இங்கே எழுத இடம் காணாது. “எடியே, மாதாவின்ர கண்ணீரைக் கொண்டுபோய் றோட்டில ஊத்தினியே!” என்று தொடங்கி, ஒரு மணித்தியாலம் குசினி அதிர்ந்தது. கடைசியில் விம்மலோடு, “சுவாமி சாவியை வாங்கிப்போட்டார்” என்றேன்.

அகப்பை நின்றது. “என்ன? சாவியை வாங்கினவரோ?”

“ஓம்.”

“நான் ஏசுவன். நீ என்ர பிள்ளை. சுவாமி ஏன் சாவியை வாங்க வேணும்?”

கறியை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டா.

மறுநாள் மாலை செபமாலை. பெண்கள் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’யும் குறையாமல் சொன்னார்கள். முடிந்ததும் சுவாமி, “மாதா பாட்டுப் பாடுவோம்” என்றார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா மாதாவைப் பார்த்தா. வாய் திறக்கவில்லை. ஒருவரும் திறக்கவில்லை. சுவாமி தாமே தொடங்கினார். அவர் நல்ல மனிதர். குரல்தான்... மணலில் வள்ளம் இழுபடுகிற சத்தம்.

இரண்டாம் மாலை ஆண்களைப் பாடச் சொன்னார். அந்தோனி அண்ணை தொண்டையைச் செருமினார். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தா. செருமல் இருமலாகி அடங்கியது. மூன்றாம் மாலையும் கோயில் பேசாமல் இருந்தது. மாதா மாதம், பூ இருக்கிறது, மெழுகுதிரி இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை.

இப்படி ஒரு கிழமை. எட்டாம் நாள் சுவாமி சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டு, பிளேன்ரீ கொடுத்தோம். சீனி இல்லாத காலம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்.

“திரேசம்மா, தொண்டைக்குச் சுகமில்லையோ?”

“தொண்டைக்கு ஒண்டுமில்லைச் சுவாமி.”

“அப்ப ஏன் பாடுறியள் இல்லை?”

“ஆர்மோனியம் இல்லாமல் எங்களுக்குப் பாட ஏலாது. சாவி இல்லாமல் ஆர்மோனியம் இல்லை. சாவி சுவாமியிட்ட.”

என் அளவையியல் ஆசிரியர் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்!

சுவாமி பனங்கட்டியைத் தட்டில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு நூலை எடுத்து மேசையில் வைத்தார்.

“பிள்ளை, இனி றோட்டில பாடுறதெண்டால் என்ர பசாமைக் குடுக்காமல் வேற மெட்டுப் போடும்.”

“சுவாமியின்ர பசாமோ?” என்றா அம்மா. “சுவாமி இந்தப் பங்குக்கு வரமுதலே நாங்கள் பாடினது.”

அன்று மாலை எங்கள் கோயிலில் பாடிய பாட்டு துறைமுகம் வரை கேட்டிருக்கும். கேட்டிருக்கத்தான் வேண்டும். அடுத்த நாள் குணரத்தினம் சேர் வீட்டு வாசலில் நின்றார். கையில் கொப்பியும் பேனையும்.

“அக்கா, எத்தினையோ வருசமாய்ப் பாடுபடுறம். துறைமுகத்தில ஒரு நாள் முழுக்க வேலைநிறுத்தம் செய்ய எங்களுக்கு ஏலாமல் கிடக்கு. நீங்கள் ஒரு கிழமை நடத்தி வெண்டிருக்கிறியள். என்னெண்டு ஒழுங்குபடுத்தினீங்கள்? எத்தினை கூட்டம் வைச்சீங்கள்?”

அம்மாவுக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை.

“கூட்டமோ தம்பி? பூக் கட்டேக்க கதைச்சனாங்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள். அவ்வளவுதான்.”

சேர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். போகும்போது என் பக்கம் திரும்பி, “சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகும் நில்லும்” என்றார்.

அடுத்த மே தினத்துக்கு நான் உண்மையிலேயே ஒரு புது மெட்டுப் போட்டேன். அது ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை, எனக்கும்தான். ஆனால் அதற்கு முந்திய பெரிய வெள்ளியில் ஒன்று நடந்தது. நான் ஆர்மோனியத்தில் இருந்தேன். பசாம் மூன்றாம் அடி முடிந்தது. எல்லோரும் முழங்காலில் நின்றோம். ஓரக்கண்ணால் பார்த்தேன்... அந்தோனி அண்ணையின் வலது கை முட்டியாகி, அரைவாசிக்கு உயர்ந்து, சுவாமியைக் கண்டு தலை சொறிந்தது!

ஆகவே தபால் அதிபர் ஐயா, யோசித்துவிட்டேன். நான் அம்மாவின் பக்கம். அவ எந்தப் பக்கம் என்று சுவாமிக்கும் தெரியவில்லை, குணரத்தினம் சேருக்கும் தெரியவில்லை!