ஆமையின் குடையும் இரண்டு இராகுகளும்

கடந்த பல வருடங்களில் பள்ளி வேன் ஓட்டுநர் பத்துமலையின் பல்வரிசையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல் மருத்துவர். இன்னொருவர் அவர் மனைவி கலாதேவி. அதுவும் அவர் கொட்டாவி விட்டபோது.

இந்த இறுக்கம் பிறவியில் வந்ததன்று. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீட்டுமனையாகி, ஈப்போவில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவரும்வரைக்கும் அவரும் எல்லாரையும்போல் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வேன் ஓட்டத் தொடங்கியபின்தான், சிரிக்கிற ஓட்டுநரின் தலையில் பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள் என்று கண்டுகொண்டார். பிறகு குடியிருப்பு மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளர் ஆனார். சிரிக்கிற செயலாளரிடம் கூட்டத்தில் ஆளாளுக்கு மைக் கேட்பார்கள். எனவே முகத்தைப் பூட்டி வைத்தார். சாவியை எங்கே வைத்தோம் என்று நாளடைவில் அவருக்கே மறந்துபோயிற்று.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிறுதோறும் மாலை ஐந்தரைக்கு வாசற்கதவைச் சாத்திக்கொண்டு கார்ட்டூன் பார்த்தார் என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

அவர் மகள் ஷாமினி பிறப்பதற்கு முன்பிருந்தே ஜப்பான்காரர்கள் ஓயாமல் எடுத்துத் தள்ளுகிற தொடர் அது. நோரோ என்று ஓர் ஆமை. உத்தியோகம் தபால்காரன். நம் ஊர்த் தொலைக்காட்சியில் தெளிவான மலாய் பேசும். இந்தப் பருவத்தின், அதாவது சீசனின், முதல் வாரத்திலேயே ஆமையின் சிவப்புக் குடை காணாமல் போனது. அன்றுமுதல் பருவம் முழுக்கத் தேடல்தான். சந்தேகத்துக்குரியவர்கள் ஒரு நத்தை, ஒரு மரநாய், பேச்சில் நெளிவு சுளிவுள்ள ஒரு வாத்து.

பத்துமலை தொழில் நிமித்தமாகத்தான் பார்க்கத் தொடங்கினார். குடையை எடுத்தது யார் என்று வேனில் பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துப் பண்ணுகிறவனுக்கு வழக்கு தெரிய வேண்டாமா? சில வாரங்களில் வழக்கு அவரையே பிடித்துக்கொண்டது.

பருவத்தின் கடைசி வாரம் வந்தது. அன்றைக்குப் பார்க்காவிட்டால், திங்கள் விடியற்காலையில் வேன் கதவு சாத்துமுன் பிள்ளைகள் திருடன் பெயரைக் கத்திவிடும். பருவம் முழுக்கக் கட்டிக்காத்த ஆவல் செமோர் ரோட்டில் சிந்திவிடும்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஷாமினிக்குப் பரிசம்.

மாப்பிள்ளை பவித்ரன், தெலுக் இந்தான். பையன் தங்கம். அவன் அப்பா சன்னாசிதான் கல். செம்பனை ஆலையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரங்களே அவரைக் கண்டால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். நாள் குறித்தபோது அவர் போனில் பேசியதே இரண்டு வரி.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வச்சுக்கலாம். ராகு காலம் மட்டும் படக்கூடாது.”

“அதெப்படி படும்? பாத்துக்கலாம் சம்பந்தி” என்றார் பத்துமலை.

அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது தமிழ்நாட்டிலிருந்து வந்த தினசரி நாட்காட்டி. ஞாயிறு இராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. அப்படியானால் மாப்பிள்ளை வீட்டார் ஆறு மணிக்குமேல்தான் வருவார்கள். ஐந்தரைக்குக் கார்ட்டூன், ஆறுக்குச் சம்பந்தி. இராகு பகவான் தனக்கென்றே அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுத்ததாக நெகிழ்ந்து, வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு விளக்கும் கூடுதலாக ஏற்றினார்.

ஞாயிறு ஐந்து மணிக்கு வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. தட்டுகளோடு பெண்கள் இறங்கினார்கள். நடுவில் சன்னாசி, மீசையோடு.

“என்ன சம்பந்தி, இவ்வளோ வெள்ளனமா? ராகு காலம் ஓடுதே!”

“எங்க ஓடுது? அஞ்சே முக்காலுக்குத்தான ஆரம்பிக்கிது? அதுக்குள்ள தட்டு மாத்திடணும். சீக்கிரம் லா.”

“அஞ்சே முக்காலா? நாலரைலா! காலண்டர்ல போட்டிருக்கே.”

சன்னாசி நாட்காட்டியை ஏறிட்டுப் பார்த்தார். “இது அங்கத்து ராகு. இங்க சூரியன் ஏழு மணிக்குத்தான் எந்திரிக்கிது. சூரியன் லேட்டுன்னா ராகுவும் லேட்டு. நம்மூரு கணக்குப்படி அஞ்சே முக்கால்லேருந்து ஏழே கால்.”

“அப்ப இத்தனை வருசமா நான் பாத்தது?”

“அது மெட்ராசுக்கு நல்ல நேரம்.”

கோயில் செயலாளரைப் பார்த்து, விருந்தாளிகள் முன்னால்! பத்துமலை நிமிர்ந்தார். “ஆறுக்கு முன்னாடி நான் தட்டைத் தொட மாட்டேன்.”

“அஞ்சே முக்காலுக்குப் பின்னாடி நான் தொட மாட்டேன்.”

பெண்கள் தட்டுகளைத் தரையில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். அறைக்குள் பட்டுப்புடவையில் இருந்த ஷாமினி பவித்ரனுக்கு வாட்சாப்பில் ஏதோ அனுப்ப, கூடத்தில் நின்ற அவன் வியர்வையைத் துடைத்தான். கலாதேவிதான் முன்னால் வந்தார்.

“சூசா வேணாண்ணே, எதுக்கு இந்தத் தொல்ல? ரெண்டு ராகுவுக்கும் மரியாத குடுத்துடுவோம். ஏழே கால் தாண்டட்டும், அதுவரைக்கும் உக்காந்து பலகாரம் சாப்பிடுங்க.”

இரு தரப்பும் சம்மதித்தது. ஆனால் கணவரின் முகத்தில் இரத்தம் ஏன் வற்றியது என்பது கலாதேவி ஒருவருக்கே புரிந்தது. கூடம் நிறைய ஆட்கள்; மணி ஐந்து இருபத்தைந்து; அணைந்த தொலைக்காட்சிக்கு நேர் எதிரே சன்னாசி.

“பொண்ணோட அப்பா சிரிக்கவே மாட்டாருன்னாங்க, சரியாத்தான் இருக்கு” என்று சன்னாசி பவித்ரனின் அக்கா தினேஸ்வரியிடம் முணுமுணுத்தது பத்துமலை காதில் விழுந்தது. “இந்த வீட்டுக்கு உன் தம்பி எப்படி வந்து போவான்னுதான் யோசனையா இருக்கு.”

அந்த நேரத்தில் தினேஸ்வரியின் மகள் சிணுங்கினாள். “ம்மா, நோரோ போடச் சொல்லு. இன்னிக்கி கடைசிம்மா.”

“வந்த இடத்துல என்ன டிவி?”

“பிள்ளை கேட்டா போடறதுதான் முறை” என்றார் பத்துமலை, மிகுந்த தியாகத்தோடு. அவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நாட்காட்டியைப் படிக்கிற பாவனை, கண் மட்டும் ஓரத்தில்.

ஆமை வந்தது. அழுதது. நடந்தது. சன்னாசி முறுக்கைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார். “நத்தைதான் எடுத்திருக்கும். முழியைப் பாரு.”

பத்துமலை பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

“அட, முதுகுமேலயே வீடு இருக்கு. இவனுக்கு எதுக்கு குடை? புத்தியில்லாத கதை” என்றார் சன்னாசி.

அணை உடைந்தது.

“குடை அவனுக்கா? தபாலுக்கு, சம்பந்தி! கடுதாசி நனைஞ்சா யாரு பதில் சொல்றது? முத வாரமே சொல்லிட்டாங்க! நத்தை மேல பழி போடாதீங்க. குடை போன அன்னிக்கி அது மலைக்கு அந்தப் பக்கம். அங்கேருந்து ஊர்ந்து வரவே ரெண்டு வாரம் ஆச்சு!”

கலாதேவி கண்ணை மூடிக்கொண்டார்.

சன்னாசி மெல்லத் திரும்பினார். “முத வாரத்துலேருந்து பாக்குறீங்களா?”

“வேன் பிள்ளைங்க... பேசிக்கும்...”

“பாக்குறீங்களா, இல்லையா?”

பத்துமலை தலைகுனிந்தார். “ஒரு வாரம் விட்டதில்ல.”

சன்னாசி நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். “உக்காருங்க. அந்த வாத்து யாரு? அது ஏன் பம்முது?”

செயலாளர் உட்கார்ந்தார். விளம்பர இடைவேளையில் பருவம் முழுவதையும் கையால் காலால் விளக்கினார். மரநாயின் நொண்டி நடையை நடந்தே காட்டினார். தட்டு தூக்கி வந்த பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பவித்ரன் வாத்துக் கட்சி.

கடைசி நிமிடத்தில் குடை கிடைத்தது. யாரும் திருடவில்லை. முதல் வாரம் பெய்த மழையில், மூடி உடைந்த தபால் பெட்டி நனையாதபடி ஆமையே அதன்மேல் குடையை விரித்துச் செருகிவிட்டு மறந்திருந்தது. பெட்டியும் சிவப்பு, குடையும் சிவப்பு.

“அடப் பாவி! ஒவ்வொரு வாரமும் அவனுக்குப் பின்னாலயே நின்னிருக்கு!” என்று பத்துமலை தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமெண்டு தெரியும் அளவுக்குச் சிரித்தார். பக்கத்தில் சன்னாசிக்கு முறுக்கு புரையேறியது.

“போதும்” என்றார் சன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என் மவன் பயமில்லாம வந்து போவான்.”

வாத்தின் குணநலன் பற்றிய விவாதத்தில் ஏழே கால் போனதே தெரியவில்லை. கலாதேவி வந்து அதட்டியபின்தான் தட்டு கைமாறியது.

“பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு” என்று வழக்கப்படி மூன்று முறை சொன்னார் சன்னாசி. மூன்றாவது முறை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், “குடை தபாலுக்கு” என்று சேர்த்துக்கொண்டார்.

அப்போது எடுத்த படம் இரவுக்குள் வட்டாரமெங்கும் போய்ச் சேர்ந்தது. அதில் பத்துமலை வாயெல்லாம் பல். முன்பே கணித்தது பலித்தது: அடுத்த கோயில் கூட்டத்தில் ஆளாளுக்கு மைக் கேட்டார்கள். அவரும் கொடுத்தார்.