கிருஷ்ணராசா எழுதிய முதற் பெயர்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. பள்ளிக்கூடச் சமையலறை மணிக்கூடு எப்போதும் ஐந்து நிமிடம் முந்தித்தான் ஓடும். அதில் பதினொன்று இருபத்தைந்து என்றிருந்தது. சந்திரவதனா பெரிய பாத்திரத்தில் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டு நின்றாள். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். தலைமை ஆசிரியை ஒருநாளும் அடுப்படிக்கு வராதவர். அன்று வந்தார், அவளுடைய கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டார். அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

அவளுடைய கணவர் கிருஷ்ணராசா விடியற்காலை ஷிப்டின் முதற் சுற்றை முடித்து, பஸ்ஸைக் கராஜில் விட்டுவிட்டு, கன்ரீன் மேசையில் ஒரு தேநீரோடு உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை செய்யும் சாரதி ஒருவர், சனிக்கிழமை உதைபந்தாட்டத்தைப் பற்றி அவரோடு தர்க்கம் பண்ண நினைத்து, தோளில் தட்டினாராம். பதில் வரவில்லை. கோபமாக்கும் என்று நினைத்து இரண்டாம் தரமும் தட்டியிருக்கிறார்.

இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டிய மனிதர் அவர். அதைவிட நீண்ட காலம் பிளேஸ்டோ முத்தொளி விளையாட்டுக் கழகத்துக்கு ஆள் தெரிவு செய்தவர். தான் மட்டும் நன்றாக விளையாடியதில்லை. பள்ளிக்கூட அணியில் கடைசி ஆளாகச் சேர்க்கப்பட்டு மூன்று வருடம் மைதான ஓர வாங்கில் இருந்து இருந்தே அதைத் தேய்த்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

லண்டனில் உள்ள எட்டுத் தமிழ்க் கழகங்களும் முன்பு ஒன்றின் ஆட்டக்காரரை மற்றது இழுத்துச் சண்டை பிடித்தன. அந்தச் சண்டை பெருத்தபோதுதான் புது ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் அணித்தலைவர்களைத் தவிர, விளையாட விரும்பும் எல்லோருடைய பெயரும் பொதுவில் வைக்கப்படும். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டுக் கழகமும் ஒரு மண்டபத்தில் கூடி, முறை வைத்து ஒவ்வொரு பெயராக எடுக்கும். அறிவித்தலில் ‘டிராஃப்ட்’ என்று போட்டிருப்பார்கள். சனம் சொல்வது ‘ஆள் எடுப்பு’. கடந்த ஆறு ஆள் எடுப்பிலும் முத்தொளிக்காக மேசையில் உட்கார்ந்தவர் கிருஷ்ணராசாதான். ஆறு தரமும் ஊர் சிரித்தது.

ஒருமுறை ஹவுன்ஸ்லோவில் விமானநிலையப் பொதிகள் ஏற்றும் ஒருவனை எடுத்தார். அவனுக்கு ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். ஆட்டம் ஒன்றரைக்குத் தொடங்கும். வருடம் முழுக்க இடைவேளைக்குப் பிறகுதான் மைதானத்துக்கு வந்தான். இன்னொரு முறை அண்ணன் தம்பி இருவரைச் சேர்த்து எடுத்தார். காணிப் பிரச்சினையில் அவர்கள் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது. ஒருவன் மற்றவனுக்குப் பந்து கொடுக்கவேயில்லை. பிறகு ஆறடி நாலங்குலத்தில் ஒருவனைத் தலையால் அடிக்க என்று எடுத்தார். அவன் கண்ணாடி போட்டவன். பந்து வந்தால் குனிந்துவிடுவான்.

இதெல்லாம் அலசப்படுவது சந்திரவதனாவின் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிய நாலைந்து பேர் வருவார்கள். எல்லோருக்கும் முன்னுக்கு வருபவர் சபாரத்தினம். வால்தம்ஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்; மடக்குக் கதிரையோடு மைதானத்துக்குப் போய், ஆட்டம் முடியும்வரை ஒரு நிமிடமும் அதில் இராதவர்.

“ராசா, உம்மட கண்ணை ஒருக்காக் காட்டும். ஆள் எடுக்க விட்டா அலுமாரி எடுத்துக்கொண்டு வாறீர்.”

“அலுமாரி எண்டாலும் மூலைப் பந்துக்கு நிக்குந்தானே.”

“நிக்கும். நிக்க மட்டும்தான் செய்யும்!”

சந்திரவதனா மரக்கறி வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பந்தாட்டம் தெரியாது. யார் யாருக்குப் பந்து கொடுக்க வேண்டும், ஏன் கொடுக்கவில்லை என்பது மட்டும் மனப்பாடம். எட்டு மணியானதும் அகப்பையைக் காட்டுவாள். “எழும்புங்கோ அண்ணை. உங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. இவர் நாளைக்கு விடியப் பஸ் எடுக்கோணும்.” “ஓம் தங்கச்சி, வெளிக்கிட்டாச்சு” என்பார் சபாரத்தினம். வாசலில் நின்று இன்னும் அரை மணித்தியாலம் கதைப்பார்.

செத்தவீட்டுக்கு அத்தனை பேரும் வந்தார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் யாராவது சோற்றுப் பாத்திரத்தோடு வந்தார்கள். முன் அறையில் இருந்து மெல்லிய குரலில் கதைத்தார்கள்.

“ராசா அண்ணை எடுத்த ஆக்கள் எல்லாம் தங்கம்.”

“அந்த நெட்டையனும் நல்ல பெடியன்தான். நாங்கள்தான் அவனை வடிவாப் பாவிக்கேல்லை.”

சபாரத்தினம்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “ராசாவின்ர கணக்கு எனக்குத்தான் விளங்கேல்லை, தங்கச்சி. அந்தாள் தீர்க்கதரிசி.”

சந்திரவதனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பழைய சபாரத்தினத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு புது மனிதரை அந்த அறையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பிழையே விடாத, ஏச்சே வாங்காத ஒருவர். அவருக்கு மாலை போட்ட படம் பொருந்தும். அலுமாரிக்கு வக்காலத்து வாங்கிய தன் மனிதரை அவள் எந்த வாயிலிருந்து கேட்பது? அவள் ஏங்கியது ஆறுதலுக்காக அல்ல. ஒரேயொரு சனிக்கிழமை, ஒரேயொரு மணித்தியாலம், அவரை யாராவது வாய் நிறையத் திட்டக் கேட்க வேண்டும் போலிருந்தது. அதை எவரிடம் சொல்ல முடியும்? மகள் தனுஷியாவிடம்கூடச் சொல்லவில்லை.

நாலாவது வாரம் அணித்தலைவன் ரதீசன் வந்தான். அந்த ஞாயிறு ஆள் எடுப்பு. கிருஷ்ணராசா ஏதும் எழுதி வைத்தாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சந்திரவதனா அவருடைய வேலைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். பஸ் நேர அட்டவணையின் பின்பக்கம். எட்டுப் பெயர்கள். முதற் பெயர்: யாக்கோப்பு.

ரதீசன் அதை இரண்டு தரம் வாசித்தான். யாக்கோப்புக்கு முப்பத்தொன்பது வயது. போன மாரிக் குளிரில் முழங்காலில் ஒப்பரேசன் செய்தவன்.

“அக்கா, இந்த முறை அண்ணையின்ர நினைவா முதல் முறையை எங்களுக்குத் தந்திருக்கினம். ஹவுன்ஸ்லோவில யனுஷன் எண்டு ஒரு பெடியன், போன வருசம் இருபத்திரண்டு கோல். நாங்கள் எடுக்காட்டி அடுத்ததா ஹவுன்ஸ்லோக்காரர் கொத்திக்கொண்டு போயிடுவாங்கள். யாக்கோப்பைக் கடைசிச் சுத்திலயும் எடுக்கலாம். ஒருத்தரும் தொடமாட்டினம்.”

“அவர் இருந்தா நீர் இப்ப என்ன சொல்லியிருப்பீர், தம்பி?”

“அண்ணை இருந்தா…” அவனுடைய குரல் ஒரு கணம் உயர்ந்தது. பிறகு அதை விழுங்கிவிட்டான். “அண்ணை எழுதினா அதுக்கொரு காரணம் இருக்கும், அக்கா. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். “நான் வாறன்.”

தனுஷியாவுக்கு அது பிடிக்கவில்லை. “அம்மா, ஆர் யூ ஷுவர்? முப்பத்தொண்டாம் நாள் காரியம் இன்னும் முடியேல்லை. ஆக்கள் கதைப்பினம்.”

“கதைக்கட்டும்” என்றாள் சந்திரவதனா. “கதைக்கோணும் எண்டுதான் போறன்.”

ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழாம் நாள். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபம், எட்டு மேசை, பின்னால் ஆதரவாளர்களுக்கு நெருக்கமாகப் போட்ட கதிரைகள். சந்திரவதனா உள்ளே வந்ததும் சத்தம் அடங்கியது. இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். அவளுக்கு அந்த மௌனமும் அலுத்திருந்தது.

“பிளேஸ்டோ முத்தொளி. முதலாவது பெயர்” என்றார் லீக் செயலாளர்.

அவள் தாளை விரித்தாள். பக்கத்தில் ரதீசன் மேசைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாக்கோப்பு.”

செயலாளர் பலகையில் எழுத எடுத்த பேனை அந்தரத்தில் நின்றது. “அக்கா, வடிவாப் பாத்து வாசியுங்கோ. யனுஷன் எண்டோ?”

“யாக்கோப்பு எண்டுதான் எழுதியிருக்கிறார்.”

யாரோ கைதட்டினார்கள். தொடர்ந்து மண்டபமே கைதட்டியது. மரியாதையான, மெதுவான கைதட்டல். சந்திரவதனா தாளை மடித்தாள். அவ்வளவுதானா? இதற்கும் கைதட்டல்தானா? வந்திருக்கவே தேவையில்லை.

கைதட்டல் ஓய முதலே ஹவுன்ஸ்லோ மேசை கத்தியது: “யனுஷன்!”

பின்னால் ஒரு கதிரை விழுந்த சத்தம் கேட்டது. சபாரத்தினம் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“எட, இந்த மனுசன் செத்தும் திருந்தேல்லையே!”

“சபா அண்ணை, இருங்கோ” என்று ரதீசன் பதறினான். தான் சொன்னது தன் காதிலேயே விழ, சபாரத்தினம் கையால் வாயைப் பொத்தினார். “தங்கச்சி… கோவிக்காதை. வாய் தவறி…”

சந்திரவதனா தன் பக்கத்துக் கதிரையை இழுத்து வைத்தாள். “ஏன் அண்ணை பின்னால நிண்டு கத்துறியள்? முன்னால வந்து கத்துங்கோ.”

அவர் அவளைப் பார்த்தார். இருபத்தேழு நாள் அடக்கியது எல்லாம் ஒரேயடியாக வந்தது.

“பின்னை என்ன? கடைசிச் சுத்து முடிஞ்சு மண்டபம் கூட்டிற நேரமும் கிடக்கிற ஆளை, முதலாவதா எடுக்கிறதோ? கைக்கு வந்த இருபத்திரண்டு கோலை ஹவுன்ஸ்லோவுக்குத் தானம் பண்ணிட்டான் ராசா! முழங்காலில இரும்பு கிடக்கு அந்த யாக்கோப்புக்கு!”

“இரும்பு இல்லை!” தேநீர் மேசையடியிலிருந்து குரல் வந்தது. யாக்கோப்பு. கையில் வெறும் கோப்பை. “எடுத்தாச்சு! இந்த மாதம் முடிய ஓடுவன். ரதீசன், நீர் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறீர்? உம்மட பின்வரிசை போன வருசம் திறந்த கேற் மாதிரிக் கிடந்தது. முதல் அதைப் பூட்டும்!”

“பாத்தியளே, இப்பவே தொடங்கிட்டான்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

“ராசா அண்ணை இதில மட்டும் பிழை விட்டிட்டார்.”

“இதில மட்டுமோ? அலுமாரியை மறந்திட்டீரோ?”

சிரிப்பு வெடித்தது. செயலாளர் மேசையில் தட்டினார், ஒருவரும் கேட்கவில்லை. சபாரத்தினம் வேர்த்துப்போய் அவள் பக்கம் குனிந்தார்.

“உண்மையாக் கேக்கிறன், தங்கச்சி. ஏன் ராசா இவனை முதலாவதா எழுதினவன்? உனக்கு ஏதும் சொன்னவனோ?”

“தெரியாது அண்ணை” என்றாள் சந்திரவதனா. “எனக்கு உதுகளில என்ன விளங்கும்?”

அன்று பின்னேரம் சபாரத்தினமும் ரதீசனும் இன்னும் மூன்று பேரும் அவளை வீட்டில் விட வந்தவர்கள், முன் அறையில் இருக்கவில்லை. நேரே குசினிக்குப் போனார்கள். அவள் தேத்தண்ணி ஊற்றினாள். மணி எட்டானது. அவள் அகப்பையைத் தொடவில்லை.

“ஏதோ கணக்கு இருந்திருக்கும்” என்றான் ரதீசன்.

“கணக்காம் கணக்கு! அவன்ர கணக்கில ரண்டும் ரண்டும் எப்பவும் அஞ்சு” என்றார் சபாரத்தினம்.

பக்கத்து அறையில் உடுப்பு அயன் பண்ணும் பலகை இருபத்தேழு நாளாக விரித்தபடி நின்றது. சந்திரவதனா உள்ளே போய், கதவைச் சாத்தாமல், அதன் அருகில் நின்றாள். அங்கிருந்தும் நன்றாகக் கேட்டது.

அவளுக்குக் காரணம் தெரியும். கடைசி இரவு, சாப்பாட்டுக்கு முன், கழகத்தின் புதுச் சட்டைகளுக்கு அயனால் அழுத்தி இலக்கம் ஒட்டிக்கொண்டு அவர் சொன்னார்: “எங்கட பெடியளில ஒருத்தனும் கிறவுண்டில வாய் திறக்கிறானில்லை, வதனா. யாக்கோப்பு கத்துவான். ஆனா கடைசியா எடுத்தா, கடைசியா வந்தவன் மாதிரித்தான் நிப்பான். சத்தம் வராது. முதல் ஆளா எடுத்தாத்தான் முதல் ஆள் மாதிரிக் கத்துவான்.” அப்போது அவள் அதைக் கவனித்துக் கேட்கவில்லை. புட்டு ஆறிக்கொண்டிருந்தது. “இஞ்சாருங்கோ, விடிய மூண்டரைக்கு எழும்போணும். மிச்சத்தை நாளைக்கு ஒட்டுங்கோ” என்று அயனின் வயரைக் கழற்றியவள் அவள்தான்.

குசினியில் சபாரத்தினம் மேசையில் குத்தினார். யாரோ சிரித்தார்கள். போய் ஒரு வசனம் சொன்னால் போதும், தர்க்கம் முடிந்துவிடும். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அவள் போகவில்லை.

பதினைந்து சட்டைகள் மடித்து அடுக்கியபடி இருந்தன. யாக்கோப்பு எந்தக் கழகத்தில் ஆடினாலும் போடுவது பதினான்கு. அது மட்டும் பலகையில் கிடந்தது. அதன் முதுகில் ஒன்று என்ற இலக்கம் ஒட்டியிருந்தது. நான்கு இன்னும் ஒட்டப்படாமல், தாளோடு, கழுத்துப் பட்டியின் அருகில் இருந்தது.