சத்தம் போடாத பெட்டி

கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டியின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்று மூன்று முறை குதிக்கிறார் ஆபேல். மூன்றாவது குதியில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக் காது கொடுக்கிறார். பிறகு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஊஹூம். பேசுது" என்கிறார்.

கூடுவாஞ்சேரி மார்க்கெட்டின் பின்சந்தில் பழைய பெட்டி விற்கும் துரைராஜுக்கு இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. "யோவ் ஆபேலு, பொட்டி வாங்க வந்தியா, டான்ஸ் ஆட வந்தியா? நீ குதிச்சதுல ரெண்டு பொட்டி வாயப் பொளந்துகினு கீது."

"ஒரு ஆளு குதிச்சதுக்கே பொளந்துக்குதுன்னா, அத்த இன்னாத்துக்கு நீ விக்கற?"

"தக்காளி குதிக்காதுய்யா!"

ஆபேல் அடுத்த பெட்டியைக் கவிழ்க்கிறார்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் அவர் டீக்கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. கடையில் பார்த்தால் அவரைத் தாராளமானவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை கேட்டால், டம்ளரைப் பார்க்காமல் கேட்டவரின் வயிற்றைப் பார்ப்பார். நாளிதழைத் தனித்தனித் தாளாகப் பிரித்து ஆணிகளில் மாட்டியிருப்பார். ஒருவரே இரண்டு தாள் எடுத்தால், "இன்னா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்பார்.

ஆனால் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே போகிற முதல் டீ அவருடையதுதான். சர்ச்சுக்குப் போகிற வீடா, கோயிலுக்குப் போகிற வீடா என்ற வித்தியாசம் கிடையாது. முதல் நாள் டீக்குக் காசு வாங்குவதும் கிடையாது. சைக்கிள் கேரியரில் ஒரு பெட்டி இருக்கும். அதன் ஒரு பாதியில் குழாய் வைத்த ஸ்டீல் கேன், மறு பாதியில் முப்பது கண்ணாடி டம்ளர்கள். எப்படிப் போனார், என்ன வயது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எதுவும் விசாரிக்க மாட்டார். வாசலில் நிற்கும் யாரையாவது கூப்பிட்டு மெல்லிய குரலில் ஒன்று மட்டும் கேட்பார்: "சக்கரை இல்லாம எத்தினி பேருக்கு?" அதற்கென்று தனியாக ஒரு பிளாஸ்க்.

பேப்பர் கப் வைத்துக்கொண்டால் சுமையும் குறையும், கழுவுகிற வேலையும் மிச்சம் என்று ஒருமுறை சொன்னேன். "அழுதுகினு கீறவங்க கை எப்டி இருக்கும் சார்? நடுங்கும். பேப்பர் கப்ப அமுக்கிப் புடிச்சிருவாங்க, மேல ஊத்திரும். கண்ணாடின்னா சூடாவும் புடிச்சுக்கலாம், கெட்டியாவும் புடிச்சுக்கலாம். புடிச்சுக்க ஏதாச்சும் வோணும் சார் அந்த நேரத்துல."

ஸ்கூட்டர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. "துக்க வூட்ல எல்லாரும் யாருக்காச்சும் காத்துகினு இருப்பாங்க. புள்ள வரணும், தங்கச்சி வரணும். வண்டி சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்கு ஓடியாருவாங்க. வந்து பாத்தா நானு. டீக்காரன். அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியாது சார்."

இது எனக்கு விளங்கியது. என் அண்ணன் வேதசிரோமணி இறந்தபோது, மஸ்கட்டிலிருந்து மகன் ஜாய்சன் வந்து சேர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் தெருவில் எந்த வண்டி நின்றாலும், ஸ்கூல் டீச்சரான அண்ணி ஹில்டா கேட்டுக்கு ஓடினார். கூரியர்காரன், கேஸ்காரன், எதிர்வீட்டுக்கு வந்த பிளம்பர் என்று எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்த மூன்று நாளில்தான் எங்கள் வீட்டு வாசலில் ஆபேலின் பெட்டி உடைந்தது. ஏழு வருடம் உழைத்த ஆப்பிள் பெட்டி அது. சிந்திச் சிந்தி டீ ஊறியே அதன் அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. முந்தின நாளே விரிசலைப் பார்த்திருக்கிறார், ஒரு பிளாஸ்டிக் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டாம் நாள் மதியம் கேட்டுக்கு முன்னால் சாக்கடையை மூடிய கல்லின் மேல் சைக்கிள் ஏறி இறங்கியபோது ஆணிகள் கழன்றுகொண்டன. முப்பது டம்ளரும் சிமென்டுத் தரையில் விழுந்தன.

இரண்டு நாளாகத் தூங்காத அண்ணி, அப்போதுதான் பத்து நிமிடம் முன்னால், சுவரோரமாகப் பாயில் கண்ணயர்ந்திருந்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்தவர், "ஜாய்சனா?" என்று கேட்டார். அதன் பிறகு அடக்கம் முடியும்வரை அவர் படுக்கவே இல்லை.

ஆபேல் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து துக்க வீடுகளுக்கு அவர் டீ கொண்டுபோகவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர் காலமானபோது வந்து கூப்பிட்டார்கள். "பொட்டி இல்ல. வேற எடத்துல சொல்லிக்கங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் மனைவி டெபோராதான் என்னிடம் சொன்னார்: "கடைல வேல ஓடுது சார். ஆனா ராவுல எழுந்து உக்காந்துக்கறாரு. இனிமே எந்த சாவு வூட்டு வாசலும் மிதிக்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியத இல்லன்றாரு. நல்லதாப் பொட்டி கெடச்சாதான் போவாராம். வூட்ல கட்டில் கால் ஆடுது, அத்தப் பாக்கல. ஊர்ல கீற பொட்டி மேல எல்லாம் ஏறிகினு கீறாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு கிளம்பினேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அது பரவாயில்லை என்று தோன்றியது.

அவருக்கு வேண்டிய பெட்டிக்கு இரண்டு தகுதிகள். முழுக் கேனையும் முப்பது டம்ளரையும் ஏற்றினால் அடி தொய்யக் கூடாது. குலுங்கினால் சத்தம் வரக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். குரோம்பேட்டையில் ஒரு பழக்கடையில் கிடைத்த மரப்பெட்டிக்கு ஆணி சின்னது. தாம்பரத்தில் பார்த்த மூங்கில் கூடையில் சுமை வைத்ததுமே, "முனகுது சார், பாட்டி மாதிரி" என்று கீழே வைத்தார். தக்காளிப் பெட்டி லேசானது, ஆனால் நெளியும். நெளிகிற பெட்டியில் டம்ளர்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். அதைத்தான் அவர் 'பேசுது' என்கிறார்.

இரண்டாவது வாரம் துரைராஜ் உள்ளேயிருந்து கூல்டிரிங்க்ஸ் பாட்டில் அடுக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கட்டம் கட்டமாகப் பிரித்தது. ஆபேல் பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஒரு கட்டத்தில் இறக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. ஏறிக் குதித்தார். பெட்டி வாயே திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆபேல் இறங்கி, பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைத் துண்டால் துடைத்துப் பார்த்தார்.

"கம்பெனி பேரு போட்டு கீதே. கம்பெனி உனக்கு வித்துச்சா?"

"யாரோ கொண்டாந்து போட்டாங்க. உனக்கு இன்னா அத்தப் பத்தி?"

"திருட்டுப் பொட்டில துக்க வூட்டுக்கு டீ எத்துனு போறதா?"

"அங்க அழுதுகினு கீறவன் பொட்டியத் திருப்பிப் பேரு படிப்பானா?"

"நான் தள்ளிகினு போறேன்ல. எனக்குத் தெரியும்ல."

டம்ளரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஊரப்பாக்கம் தாண்டினோம். பிறகு, "நல்ல பொட்டி சார் அது" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, தக்காளிப் பெட்டிகள் எல்லாம் தோற்ற பிறகு, துரைராஜ் சலித்துப்போய் ஒரு நீலப் பெட்டியை வெளியே தள்ளினார். மீன் பெட்டி. சுவர் இரண்டு விரல் தடிமன். "புத்ஸு. கோவளத்துக்குப் போவ வேண்டியது. இன்னும் மீனே பாக்கல. இதுவும் ஆவலன்னா இந்தப் பக்கம் வராத, தெய்வமே." ஆபேல் முதலில் அதற்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். அப்புறம் ஏறினார். மூன்று முறை, பிறகு இன்னும் மூன்று முறை. கடைசியில், "நீங்க ஒரு தபா ஏறுங்க சார்" என்றார். நான் அவரைவிட இருபது கிலோ கூட. ஏறினேன். துரைராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டி அசையவில்லை.

சத்தத்துக்கான பரீட்சை மறுநாள் காலை ஏரிக்கரையில் நடந்தது. அந்தத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வேகத்தடைகள் உண்டு. என்னை ஏரியைப் பார்த்து நிற்கவைத்தார். "திரும்பாதீங்க. நான் வர்றது உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கைய மட்டும் தூக்குங்க."

முதல் முறை இருபதடி தூரத்திலேயே கையைத் தூக்கினேன். அடியில் சாக்கு விரித்துக்கொண்டு வந்தார், டம்ளர்களின் பக்கங்கள் கிணுகிணுத்தன. கடைக்குப் போய்ப் பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டி, டம்ளர்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் பின்னினார். இந்த முறை கேனின் கைப்பிடி மட்டும் 'டக்' என்றது. அதற்கும் ஒரு துண்டு டியூபைச் சுற்றினார். டெபோரா கடை வாசலில் கரண்டியோடு நின்று, "இவரு இனிமே வூட்டுக்குள்ள வந்தாகூட எனக்குத் தெரியாது போல. பேஜார்தான்" என்றார்.

மூன்றாவது முறை நான் தண்ணீருக்குள் நட்டிருந்த கம்பத்தின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு நீர்க்காகத்தைப் பார்த்தபடி நின்றேன். அண்ணன் காலை நடைக்கு வரும்போது இதே இடத்தில்தான் நிற்பார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஆபேல் இன்னும் புறப்படவில்லை என்றே நினைத்தேன்.

"சார், டீ" என்று காதருகில் குரல் கேட்டது.

அண்ணனின் முப்பதாம் நாள் ஜெபக்கூட்டம் அந்த வாரக் கடைசியில் வந்தது. ஆபேலிடம் டீக்குச் சொல்லும்படி அண்ணிதான் என்னிடம் சொன்னார். நான் போய்ச் சொன்னதும் அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "டீச்சரே சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அவங்க வாயால?" என்று மறுபடியும் கேட்டார்.

மாலை ஐந்தரைக்குத் தெருமுனையிலேயே சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். அந்தச் சாக்கடைக் கல்லுக்கு முன்னால் நின்று, பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிக் கல்லைத் தாண்டி வைத்தார். கூடத்தில் போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது முப்பது டம்ளரிலும் டீ நிரம்பியிருந்தது.

அண்ணி வராந்தாவுக்கு வந்தார். "ஆபேல் அண்ணா! எப்ப வந்தீங்க? எனக்குக் கேக்கவே இல்லையே."

ஆபேல் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய சர்க்கரை இல்லாத டீயை அவரிடம் நீட்டினார். டம்ளரைப் பார்த்தபடியே, "டீச்சர், அன்னிக்கு நான்... ரெண்டு நாளு தூங்காம இருந்தீங்க. நான்தான் எழுப்பிட்டேன்" என்றார்.

அண்ணி ஒரு வாய் குடித்தார். "அன்னைக்கு நான் எங்கண்ணா தூங்கினேன்? சும்மா கண்ண மூடிப் படுத்திருந்தேன். நீங்க எழுப்பவே இல்ல."

அன்று தலைமாட்டில் இருந்தவன் நான். அவருடைய மூச்சு சீராக ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். என் டீயைக் குடித்தேன்.

ஆபேல் துண்டின் முனையைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றார். அண்ணி மெதுவாகக் குடித்து முடித்தார். உள்ளே யாரோ கூப்பிட, டம்ளரை வராந்தாச் சுவரின் கிரானைட் பலகையில் வைத்துவிட்டுப் போகக் கையை இறக்கினார். டம்ளர் கல்லைத் தொடுமுன், ஆபேல் தன் உள்ளங்கையை அதன் அடியில் விரித்து வைத்தார்.