வெறும் பானையின் சத்தம்

நான் ஐந்தாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதியவர். அவர் புத்தகத்தை நான் திறந்து பார்த்ததே இல்லை. அவர் போனபின், சிஞ்ச்வட்டில் நம் தமிழ்க்காரர்கள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். முன்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பேச வந்த பேராசிரியர் என் வீட்டுக்காரர் எழுதிய ஒரு கவிதையை வாசித்தார். ரேஷன் அரிசி போதாத காலம். கணவனுக்கும் அவன் தம்பிகளுக்கும் பரிமாறிவிட்டு, தான் அப்போதே சாப்பிட்டாயிற்று என்கிறாள் மனைவி. சமையலறையில் வெறும் பானையை அவள் சுரண்டுகிற சத்தம் கணவனுக்கு வீணையாகக் கேட்கிறதாம்.

"அந்தக் காலத்து அன்புன்னா இதுதாங்க!" என்றார் அவர். ஒரே கைதட்டல்.

அந்த மனைவி நான்தான். வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாதென்றுதான் அத்தனை மெதுவாகச் சுரண்டுவேன்.

"அம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்கள்.

"அன்னைக்கெல்லாம் நான் சாப்பிடலைங்க. எனக்குப் பசிச்சுது" என்றேன்.

கூட்டம் சிரித்தது. "பாருங்க, அம்மா எவ்வளவு வெள்ளந்தி!" என்றார் பேராசிரியர். மறுபடியும் கைதட்டல். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். என் பசி தெரிந்திருந்தால் ஒரு கை சோறாவது மிச்சம் வைத்திருப்பார் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்காமல், உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.