உரித்தாளி இல்லாத பிரேதம்

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று தாதி கேட்டாள். எனக்குப் பின்னால் எங்கள் ஊர்ச் சனம் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். "பக்கத்து வீடு" என்றேன். தாதி அதையே எழுதினாள். அவரோடு பதினொரு வருடம் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட பிறகு ஒரு விதவைக்கு வந்த வெட்கத்தைப் பாருங்கள்! என்னை நானே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். பெண்சாதி பிள்ளைகளைச் சண்டையில் பறிகொடுத்த மனுசன். என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பிரேத அறைக்குப் பொறுப்பானவர் தாதி எழுதிய கடதாசியைப் பார்த்தார்.

"அயலாக்களிட்டைக் குடுக்கச் சட்டமில்லை அம்மா. வாற வியாழனுக்கிடையிலை சொந்தக்காரர் வராட்டில் உரித்தாளி இல்லாத பிரேதமெண்டு அரசாங்கம் தாட்டுப்போடும்."

"நான்தான் அவரின்ரை மனிசி!" என்று கத்தினேன்.

"கலியாணப் பதிவு இருக்கோ?"

எங்கே இருக்கிறது? கிராம சேவகரிடம் ஓடினேன்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றார் அவர். "ஆனா நீங்கள் குடும்பமா இருந்தனீங்கள் எண்டு அயலிலை ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் நான் கடிதம் தரலாம்."

இரண்டு பேர்தானே! எங்கள் ஒழுங்கையில் எங்களைப் பற்றிக் கதைக்காத வாயே கிடையாது. முதலில் முன்வீட்டுக்காரியிடம் போனேன். நான் படியில் கால் வைக்கவில்லை, அதற்குள் அவள் பதறிப்போனாள்.

"செத்தவீட்டுத் துடக்கோடை உள்ளுக்கு வராதையுங்கோ அக்கா! கோயிலிலை கொடியேறியிருக்கு."

"எனக்குத் துடக்கெண்டால் நான் அவருக்கு ஆர்? அதைத்தானே எழுதித் தரச் சொல்லிக் கேக்கிறன்."

"அது வேறை, கையெழுத்து வேறை. பிறகு ஆர் கோட்டுக்கு அலையிறது?"

ஏழு வீடு ஏறி இறங்கினேன். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஒரு கிழமை ஊர் வாய் நன்றாகவே மூடிக் கிடந்தது. எல்லோரையும் வாயில் வந்தபடி திட்டினேன், பிறகு கடைசி வீட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒருவருடைய மனமும் இரங்கவில்லை.

வியாழக்கிழமை பொதுச் சுடலையில் அவரைப் புதைத்தார்கள். எங்கள் ஆட்களை எரிப்பதுதான் முறை. ஒரு பிடி மண் போடக் கிட்டப் போனேன்.

"உரித்தாளி இல்லாத பிரேதம். தள்ளி நில்லுங்கோ அம்மா," என்றார் மண்வெட்டியோடு நின்றவர்.

தள்ளி நின்றேன். அதன்பிறகு முப்பத்தொரு நாளும் ஒருவர்கூட என் வீட்டில் கால் வைக்கவில்லை, செத்தவீடு என்று.