இரண்டாவது ‘இன்னா?’

எங்கள் தொல்லியல் அலுவலக அலமாரியில் ஒரு பச்சைக் கண்ணாடிப் புட்டி இருக்கிறது. உள்ளே சுருட்டிய காகிதம். விக்டோரியா ராணி காலத்தில், செஞ்சிக்கோட்டை மலையடியில் பழங்காலத்து ஈமக்குழி ஒன்றைத் தோண்டிய வெள்ளைக்காரத் துரை, வேலை முடிந்த அடையாளமாகத் தன் பெயரை எழுதிப் புதைத்துவிட்டுப் போனது. அந்த அலமாரிப் பக்கம் நான் தனியாகப் போவதில்லை.

அதே குழியை நாங்கள் மறுபடி திறந்தபோது நான் வரைபடம் போடுகிறவள். படித்த திமிர் கொஞ்சம் உண்டு. ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் அவலூர்பேட்டைப் பக்கத்து மேஸ்திரி. குழிக்குள் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட விடமாட்டார். இரும்புச் சட்டியைத்தான் தட்ட வேண்டும். “தொர காலத்துல எங்க பாட்டனுக்குப் பாட்டன்தாம்மா இதுல எறங்குனாரு. உள்ள இருந்து பேரச் சொல்லிக் கூப்டுச்சாம். ‘இன்னா?’ன்னுட்டாரு. மூணாம் நாளு ஆளே இல்ல” என்பார். நானோ குழிக்குள் நின்றபடியே போனில் என் பெயரைச் சொல்லிப் பேசுவேன். மனுஷர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் உள்ளே குனிந்து, இந்தப் புட்டியைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு விளையாட்டுப் புத்தி. பாறைக்குப் பின்னால் நின்று, குரலை மாற்றி, அவர் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னேன்.

“இன்னா?” என்றார். கொஞ்சம் பொறுத்து, அவசரமாக மறுபடியும், “இன்னா?”

ஏறி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. “யாரு கூப்டது?” என்று சாப்பிட்டுத் திரும்பிய ஒவ்வொருவரிடமும் கேட்டார். என்னிடமும் கேட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்து, நானில்லை என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவர் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் விடிந்தது. பஸ் பிடித்து அவர் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் சுருண்டு கிடந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “நான்தான் கூப்பிட்டேன், மேஸ்திரி. விளையாட்டுக்குத்தான். பேயுமில்ல, ஒண்ணுமில்ல. எழுந்திருங்க.”

“மொத தடவ கூப்டது நீதான்னு தெரியும்மா. உன் கொரலு எனக்குத் தெரியாதா?” என்றார். மூச்சு வாங்கியது. “ரெண்டாந் தடவதான் யாருன்னு எல்லாரையும் கேட்டேன், ஒருத்தருமில்ல. அடியில இருந்து உன் பேரச் சொல்லிக் கூப்டுச்சு. நீ எங்க வாயத் தொறந்துடுவியோன்னு நான் முந்திக்கினேன்.”

அன்று சாயங்காலமே போய்விட்டார். டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். இருக்கலாம்.

இப்போதும் சில சமயம் அந்தப் புட்டியை எடுத்து வரச் சொல்வார்கள். அலமாரிக் கதவைத் திறக்கும்போது யார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு முந்திக்கொண்டு பதில் சொல்ல அங்கே யாருமில்லை.